டி.என்.ஏ. சீராக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதங்கள்

டி.என்.ஏ. சீராக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதங்கள் என்பவை, டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தைக் கண்டறிந்து, அத்தகவலை உயிரணுவுக்குள் கடத்தி, சேதத்தைச் சரிசெய்வதற்கான வழியைத் தீர்மானிக்கும் புரதங்கள் ஆகும். சேதமடைந்த பகுதியை வெட்டுவதும் புதிதாக நிரப்புவதும் ஒட்டுவதும் நொதிகளின் வேலை. அந்த வேலை எப்போது, எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதும், சரிசெய்ய முடியாத நிலையில் உயிரணு என்ன ஆக வேண்டும் என்பதும் ஒழுங்குபடுத்தும் புரதங்களைப் பொறுத்தவை. இவற்றில் ஏற்படும் குறைபாடு புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும். அதே குறைபாடு சில புற்றுநோய்களுக்கு மருந்து உருவாக்கவும் உதவியுள்ளது.

சேதங்களின் வகைகள்

மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 600 கோடி கார இணைகள் உள்ளன. அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் ஒன்றாக நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், புகையிலைப் புகையிலுள்ள வேதிப்பொருள்கள் ஆகியவை இதைச் சேதப்படுத்துகின்றன. வெளிக்காரணம் எதுவும் இல்லாதபோதும், உயிரணுவில் உள்ள நீரும், ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உருவாகும் துணைப் பொருள்களும் டி.என்.ஏ.வைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாளில் ஓர் உயிரணுவில் பல்லாயிரம் சேதங்கள் ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது.

இவற்றுள் பெரும்பாலானவை டி.என்.ஏ.வின் ஒரு இழையை மட்டும் பாதிப்பவை. எதிர் இழை பழுதில்லாமல் இருப்பதால், அதைப் படியாகக் கொண்டு சேதத்தைச் சரிசெய்ய முடியும். இத்தகைய சீராக்க முறைகள் செயல்படும் விதத்தை விளக்கியதற்காகத் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சான்சார் ஆகிய மூவருக்கும் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுபடுவது இரட்டை இழை முறிவு எனப்படும். இது அரிதாகவே ஏற்படுகிறது. ஆனால் மிகவும் ஆபத்தானது. முறிந்த துண்டு தொலைந்துபோகலாம், அல்லது வேறொரு குரோமோசோமுடன் தவறாக இணையலாம். ஆகவே இவ்வகைச் சேதத்துக்கான கட்டுப்பாடு மிக விரிவாக அமைந்துள்ளது.

கண்டறிதலும் தகவல் கடத்தலும்

இரட்டை இழை முறிவை முதலில் உணரும் புரதங்களுள் எம்ஆர்என் தொகுதி குறிப்பிடத்தக்கது. எம்ஆர்இ11, ரேட்50, என்பிஎஸ்1 என்னும் மூன்று புரதங்கள் சேர்ந்தது இத்தொகுதி. இது முறிந்த முனைகளில் அமர்ந்து ஏடிஎம் என்னும் நொதியைச் செயல்படத் தூண்டுகிறது. ஏடிஎம், பிற புரதங்களில் பாஸ்பேட் தொகுதியைச் சேர்க்கும் கைனேஸ் வகையைச் சேர்ந்தது. பாஸ்பேட் சேர்வதால் அப்புரதங்களின் செயல்பாடு மாறுகிறது.

டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களுள் எச்2ஏஎக்ஸ் என்பதும் ஒன்று. முறிவின் இருபுறமும் நெடுந்தொலைவுக்கு இப்புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்ப்பது ஏடிஎம்மின் முக்கியப் பணி. இந்த அடையாளம் மற்ற சீராக்கப் புரதங்களை முறிந்த இடத்தில் சேர்த்து நிறுத்த உதவுகிறது. ஆய்வகங்களில் உயிரணுவுக்குள் முறிவுகள் எங்கெங்கு உள்ளன என்று நுண்ணோக்கியில் பார்க்கவும் இதே அடையாளம் பயன்படுகிறது.

டி.என்.ஏ. நகலெடுப்பு தடைபடும்போது ஒற்றை இழைப் பகுதிகள் வெளிப்படுகின்றன. அவற்றுக்கு எதிர்வினை புரியும் கைனேஸ் ஏடிஆர் ஆகும். ஏடிஎம் முதன்மையாக சிஎச்கே2 என்னும் புரதம் வழியாகவும், ஏடிஆர் சிஎச்கே1 வழியாகவும் தகவலை முன்னே கடத்துகின்றன.

பிரிதலை நிறுத்துதல்: பி53

சேதமடைந்த டி.என்.ஏ.வுடன் உயிரணு இரண்டாகப் பிரிந்தால், பிழை இரு சேய் உயிரணுக்களுக்கும் போய்ச் சேரக்கூடும். இதைத் தடுப்பதில் பி53 புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1979இல் கண்டறியப்பட்ட இப்புரதம் 393 அமினோ அமிலங்களால் ஆனது.

இயல்பான உயிரணுவில் பி53இன் அளவு மிகக் குறைவு. எம்டிஎம்2 என்னும் புரதம் அதனுடன் இணைந்து, அதைச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதே காரணம். சேதம் ஏற்பட்டதும் ஏடிஎம், சிஎச்கே2 முதலியவை பி53இல் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. எம்டிஎம்2இன் பிடி தளர்கிறது. பி53 சிதையாமல் பெருகுகிறது. பெருகிய பி53, பி21 என்னும் புரதத்துக்கான மரபணுவை இயக்குகிறது. பி21, உயிரணுச் சுழற்சியை முன்னெடுத்துச் செல்லும் நொதிகளைத் தடுப்பதால் பிரிதல் நின்று, சீராக்கத்துக்கு நேரம் கிடைக்கிறது.

எம்டிஎம்2 உருவாவதற்கான மரபணுவையும் பி53 இயக்குகிறது. எனவே சேதம் சரியானதும் பி53இன் அளவு தானாகவே குறைந்து, உயிரணு இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. சேதம் மிகுதியாக இருந்தால் பி53, பூமா, பேக்ஸ் ஆகிய புரதங்களின் மரபணுக்களை இயக்கி உயிரணுவைத் தன்னழிவுக்கு உட்படுத்துகிறது. பிழை நிறைந்த ஓர் உயிரணு பெருகுவதைவிட அது அழிவது உடலுக்குப் பாதுகாப்பானது.

சீராக்க வழியைத் தேர்ந்தெடுத்தல்

இரட்டை இழை முறிவைச் சரிசெய்ய இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன.

முதலாவது, முனைகளை நேரடியாக இணைத்தல். கூ70, கூ80 புரதங்கள் முனைகளைப் பற்றிக்கொள்ள, லிகேஸ் 4 நொதி அவற்றை ஒட்டுகிறது. இது விரைவானது, ஆனால் இணைக்கும் இடத்தில் சில காரங்கள் விடுபடவோ கூடுதலாகச் சேரவோ வாய்ப்புண்டு.

இரண்டாவது, ஒத்த வரிசை வழிச் சீராக்கம். முனைகளின் ஒரு இழை முதலில் அரிக்கப்பட்டு ஒற்றை இழை வெளிப்படுகிறது. பிஆர்சிஏ2 புரதம் ரேட்51 புரதத்தை அந்த இழையில் ஏற்றுகிறது. ரேட்51 பூண்ட இழை, நகலெடுக்கப்பட்ட மற்றொரு குரோமோசோம் இழையில் தனக்கு ஒத்த வரிசையைத் தேடிச் சேர்ந்து, இழந்த பகுதியை அதைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. இதில் பிழை மிகக் குறைவு.

டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்ட பின்னரே இரண்டாவது வழிக்கு ஏற்ற படி கிடைக்கும். நகல் உருவாவதற்கு முன் 53பிபி1 என்னும் புரதம் முனைகள் அரிக்கப்படாமல் காத்து, நேரடி இணைப்புக்கு வழிவிடுகிறது. நகல் உருவான பின் பிஆர்சிஏ1 இந்தத் தடையை விலக்கி, முனைகள் அரிக்கப்படத் துணைசெய்கிறது. உயிரணுச் சுழற்சியை இயக்கும் நொதிகளும் இத்தேர்வைக் கட்டுப்படுத்துகின்றன.

குறைபாடுகளும் நோய்களும்

ஏடிஎம் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு அட்டாக்சியா டெலாஞ்செக்டேசியா என்னும் நோய் உண்டாகிறது. நடை தள்ளாடுதல், நோய் எதிர்ப்புக் குறைவு, புற்றுநோய் வாய்ப்பு ஆகியவை இதன் இயல்புகள். இந்நோயாளிகளின் உயிரணுக்கள் எக்ஸ் கதிரை எளிதில் தாங்குவதில்லை என்பதால், கதிர் சிகிச்சையில் சிறப்புக் கவனம் தேவை. பி53 மரபணுவின் பிறழ்வைப் பிறவியிலேயே பெற்றவர்களுக்கு இளவயதிலேயே பலவகைப் புற்றுநோய்கள் வரக்கூடும். இது லி–ஃப்ராமெனி நோய்த்தொகுதி எனப்படுகிறது. மனிதப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதியில் இந்த மரபணு பிறழ்ந்துள்ளது.

பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது என்பதை அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். பிஆர்சிஏ1 எனப்படும் அம்மரபணு 1994இல் பிரித்தறியப்பட்டது. பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் தீங்கான பிறழ்வு உள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புள்ளது. சூலகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. இப்பிறழ்வு தாய்வழியில் மட்டுமன்றித் தந்தைவழியிலும் வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு 50 விழுக்காடு ஆகும்.

மருத்துவப் பயன்பாடு

பிறழ்வைப் பரம்பரையாகப் பெற்றவரின் இயல்பான உயிரணுக்களில் பிஆர்சிஏ மரபணுவின் நல்ல பிரதி ஒன்று எஞ்சியிருக்கும். புற்றுநோய் உயிரணுக்களில் பெரும்பாலும் அதுவும் இழக்கப்பட்டிருக்கும். அவற்றால் ஒத்த வரிசை வழிச் சீராக்கத்தைச் செய்ய இயலாது.

ஒற்றை இழை முறிவுகளைச் சரிசெய்ய உதவும் பார்ப்1 நொதியைத் தடுத்தால், அந்த முறிவுகள் நகலெடுப்பின்போது இரட்டை இழை முறிவுகளாக மாறுகின்றன. இயல்பான உயிரணுக்கள் அவற்றைச் சரிசெய்து பிழைக்கின்றன. பிஆர்சிஏ இழந்த புற்றுநோய் உயிரணுக்கள் மடிகின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய இரு குறைபாடுகள் ஒன்றுசேரும்போது உயிரணுவைக் கொல்லும் என்ற இக்கருத்தை, 2005இல் வெளியான இரண்டு ஆய்வுகள் ஆய்வகத்தில் மெய்ப்பித்தன. இதன் அடிப்படையில் அமைந்த ஓலாபரிப் மருந்து, 2014இல் சூலகப் புற்றுநோய்க்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

சில நோயாளிகளில் இம்மருந்தின் பயன் காலப்போக்கில் குறைகிறது. புற்றுநோய் உயிரணுவின் பிஆர்சிஏ மரபணுவில் மேலும் ஒரு பிறழ்வு ஏற்பட்டு, அதன் செயல்பாடு மீள்வது இதற்கான காரணங்களுள் ஒன்று. 53பிபி1 இழக்கப்படுவதால், பிஆர்சிஏ1 இல்லாமலேயே ஒத்த வரிசை வழிச் சீராக்கம் ஓரளவு மீள்வதும் அறியப்பட்டுள்ளது.