எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால்?

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதும் பத்துப் பேர் சேர்ந்து பதிலைக் கத்தினால் என்ன ஆகும்? வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். வைஃபைக்கும் இந்தத் தொல்லை உண்டு. அம்மாவின் செல்போன், அக்காவின் லேப்டாப், கூடத்தில் இருக்கும் டிவி எல்லாம் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் ரவுட்டரோடு பேசுகின்றன. இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் பேசினால் அலைகள் கலந்து, இரண்டு செய்தியுமே கெட்டுப்போகலாம். யார் முதலில், யார் அடுத்து என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பிறகு எப்படி உங்கள் வீடியோ ஒழுங்காக ஓடுகிறது?

இதற்கு முதலில் வழி கண்டவர்கள் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இருந்தார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓவாஹு தீவில் இருந்தது. அதன் கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. தொலைபேசிக் கம்பி வழியாக இணைக்கச் செலவு அதிகம். அதனால் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் வானொலி அலைகளைப் பயன்படுத்தினார்கள். 1971-ல் ஓடத் தொடங்கிய அந்த வலையின் பெயர் அலோஹாநெட்.

அதன் விதி மிக எளிது. செய்தி இருந்தால் உடனே அனுப்பு. 'கிடைத்தது' என்று பெரிய கணினி பதில் சொன்னால் வேலை முடிந்தது. பதில் வராவிட்டால் மோதல் என்று எடுத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது? மோதிய இருவரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதத்தானே செய்வார்கள்? அதனால் ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு அழகான யோசனை!

ஆனாலும் நிறைய நேரம் வீணானது. இந்த விதிப்படி 100 நிமிடத்தில் அதிகபட்சம் 18 நிமிடம்தான் உருப்படியாகப் பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று வைத்தால் அது 37 நிமிடமாகும் என்று 1972-ல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்ற பொறியாளர் காட்டினார்.

வைஃபை இன்னும் பொறுமைசாலி. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இறங்குவரிசையில் எண்ணும். நடுவே வேறு கருவி பேசத் தொடங்கினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அது முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பூஜ்ஜியம் வந்ததும் பேசும். அப்படியும் மோதினால் அடுத்த முறை 0 முதல் 31 வரை, பிறகு 63 வரை என்று எல்லை விரியும். கூட்டம் எவ்வளவு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. மோதலை வைத்தே தெரிந்துகொண்டு, தானாக விலகி நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விலகி நிற்கத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பது 1986 அக்டோபரில் தெரிந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில், சில நூறு மீட்டர் தொலைவில் இருந்த இரண்டு இடங்களுக்கு இடையே இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது! செய்தி தொலையும்போதெல்லாம் கணினிகள் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பியதால் நெரிசல் மேலும் முற்றியது. 'செய்தி தொலைந்தால் வேகத்தைக் குறை. பிறகு மெல்ல மெல்லக் கூட்டு' என்ற வழியை வான் ஜேக்கப்சன் என்ற கணினி அறிஞர் 1988-ல் விளக்கினார். ஆனால் காற்றில் செய்தி தொலைய நெரிசல்தான் காரணம் என்றில்லை. குறுக்கே ஒரு சுவர் இருந்தாலும் போதும். அதை நெரிசல் என்று நினைத்துக் கணினி வீணாக வேகத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் தொலைந்ததை வைஃபை தானே சட்டென்று மறுபடி அனுப்பிவிடுகிறது.

நீங்களும் இதை விளையாடிப் பார்க்கலாம். நான்கு பேர் ஆளுக்கொரு தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணை மறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆள் கைதட்டி எண்ணட்டும். உங்கள் எண் வரும்போது பெயரைச் சொல்லுங்கள். இருவர் சேர்ந்து சொல்லிவிட்டால் அவர்கள் மட்டும் இரண்டு கட்டைகளை உருட்டி மறுபடி முயல வேண்டும். பிறகு எட்டுப் பேரோடு ஆடி, எத்தனை மோதல் கூடியது என்று எழுதி வையுங்கள்.