முதியோர் வேலைவாய்ப்பு உறுதிச் சட்டம் (ஜப்பான்)

முதியோர் வேலைவாய்ப்பு உறுதிச் சட்டம் என்பது, ஜப்பானில் அகவை முதிர்ந்த தொழிலாளர்கள் தொடர்ந்து பணியாற்ற வழிசெய்யும் சட்டம் ஆகும். 1971 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 1986 இல் பெரிதும் திருத்தப்பட்டு இப்பெயரைப் பெற்றது. இது தொழிலாளர்களை வேலையில் தக்கவைக்கிறது. ஆயினும் அவ்வேலையின் ஊதியத்தையும் தரத்தையும் நேரடியாக வரையறுப்பதில்லை.

பின்னணி

ஜப்பானில் 15 முதல் 64 அகவை வரையானோரின் தொகை 1995 இல் உச்சத்தை எட்டிப் பின்னர் குறையத் தொடங்கியது. 2020 இல் மக்களுள் நான்கில் ஒருவருக்கும் மேலானோர் 65 அகவையைக் கடந்திருந்தனர். ஓய்வூதியம் தொடங்கும் அகவை 60 இலிருந்து 65 ஆகப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. இதனால் ஊதியமும் ஓய்வூதியமும் இல்லாத ஓர் இடைவெளி உருவாகும் நிலை ஏற்பட்டது. இந்த இடைவெளியை நிரப்புவது பிற்காலத் திருத்தங்களின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

முக்கிய திருத்தங்கள்

- 1994: ஓய்வு அகவையை 60 இற்குக் கீழ் வைப்பது தடை செய்யப்பட்டது. இது 1998 இல் நடைமுறைக்கு வந்தது.
- 2004: ஓய்வு அகவையை உயர்த்துதல், அதனை நீக்குதல், ஓய்வுக்குப் பின்னும் பணியைத் தொடரச் செய்தல் ஆகிய மூன்றில் ஒன்றை நிறுவனங்கள் மேற்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2006 முதல் இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.
- 2012: பணியைத் தொடர விரும்பும் அனைவருக்கும் 65 அகவை வரை வாய்ப்பளிப்பது கட்டாயமாக்கப்பட்டது. இதற்கான இடைக்கால விலக்கு 2025 மார்ச்சு மாதத்துடன் முடிவுற்றது.
- 2020: 70 அகவை வரை பணி வாய்ப்பு அளிக்க நிறுவனங்கள் முயல வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. இது 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஊதியச் சிக்கல்

ஜப்பானிய நிறுவனங்களில் பணிக்காலம் கூடக்கூட ஊதியமும் உயர்வது மரபு. ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள் ஓய்வு அகவையை உயர்த்தாமல், மூன்றாவது வழியையே தேர்ந்தெடுத்தன. 60 அகவையில் ஓய்வு பெறுபவர், பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில், குறைந்த ஊதியத்தில் மீண்டும் அமர்த்தப்படுகிறார். செய்யும் வேலை மாறாதபோதும் ஊதியம் குறைவதுண்டு.

ஊதியம் முந்தைய அளவின் 75 விழுக்காட்டுக்குக் கீழ் குறைந்தால், வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகை வழங்கும் முறை 1995 இல் தொடங்கியது. இதன் உச்ச அளவு 2025 ஏப்ரலில், குறைக்கப்பட்ட ஊதியத்தின் 15 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

மீண்டும் அமர்த்தப்பட்ட சரக்குந்து ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில், 2018 சூன் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுக்குப் பின் அமர்த்தப்பட்டவர் என்பதையும் கருத்திற் கொள்ளலாம் எனக் கூறிய நீதிமன்றம், ஊதிய வேறுபாட்டின் பெரும்பகுதியை ஏற்றது. எனினும், விடுப்பின்றிப் பணிக்கு வந்ததற்கான படியை மறுத்தது முறையன்று எனத் தீர்ப்பளித்தது. 2023 இல் வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் வழக்கில், அடிப்படை ஊதியம் எதற்காக வழங்கப்படுகிறது என்பதை ஆராயாமல் முடிவெடுக்க இயலாது எனக் கூறி, வழக்கை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

பணிச்சூழல்

முதிய தொழிலாளர்கள் தவறி விழுந்து காயமுறுவது பணியிட விபத்துகளில் முக்கியமான ஒன்று. 2020 மார்ச்சில் உடல்நல, தொழிலாளர், நலவாழ்வு அமைச்சு இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. போதிய வெளிச்சம், படிகளில் கைப்பிடி, தரையின் மேடுபள்ளங்களை நீக்குதல், உடல்திறனுக்கேற்ற பணி ஒதுக்கீடு ஆகியன இவற்றுள் அடங்கும். இத்தகைய மாற்றங்கள் இளைய தொழிலாளர்களுக்கும் பயன் தருவன.