195 கிலோ வண்டியை ஒரே ஆள் தூக்குவது எப்படி?

மோட்டார் சைக்கிள் ஓடும்போது அதன் எடை தெரிவதில்லை. நிறுத்தினால்தான் தெரியும்!

சென்னையில் என்பீல்டு கம்பெனி 1955-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அன்று முதல் தமிழ்நாட்டுக்குப் பழகிய வண்டி, புல்லட். இன்றைய 350 சி.சி. புல்லட்டின் எடை சுமார் 195 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டைகள் எட்டை ஒன்றாகக் கட்டினால் என்ன கனம் இருக்குமோ, கிட்டத்தட்ட அந்தக் கனம்!

இதை வீட்டு நடையில் நிறுத்தித் திருப்ப வேண்டும். கணவர் கைப்பிடியைப் பிடிப்பார். மனைவி பின்னால் தள்ளுவார். கொஞ்சம் சாய்ந்தால் போதும், இருவர் கையிலும் நிற்காது.

சாயத் தொடங்கிய வண்டியைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. விட்டு விலகிவிட வேண்டும். வளைந்த கைப்பிடியை மாற்றலாம். நசுங்கிய காலை மாற்ற முடியுமா?

காலால் மிதி!

வண்டியோடு வரும் நடு ஸ்டாண்டே ஒரு தூக்கும் கருவிதான். பலர் கையால் வண்டியைத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக் கொள்கிறார்கள். அது தேவையில்லை.

வண்டியின் இடது பக்கம் நிற்க வேண்டும். இடது கை கைப்பிடியில். வலது கை பின் கம்பியில். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொடும்வரை வலது காலால் அழுத்த வேண்டும். பிறகு உடம்பின் முழு எடையையும் அந்தக் காலில் போட்டால், வண்டி தானாகப் பின்னால் ஏறிக் கொள்ளும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டுமே.

பின் சக்கரம் அந்தரத்தில் நின்றால், செயினுக்கு எண்ணெய் விடுவது எளிது. அப்போது என்ஜின் கட்டாயம் நின்றிருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைப்பவரின் விரல் போய்விடும்!

சக்கரப் பலகை

இடம் குறுகலாக உள்ள வீடுகளுக்கு, 'டாலி' என்னும் சக்கரப் பலகை உதவும். தாழ்வான இரும்புத் தட்டு. அடியில் எல்லாப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரங்கள். தட்டின் மேல் வண்டியை ஏற்றி, நடு ஸ்டாண்டு போட்டுவிட்டால், பக்கவாட்டில் தள்ளிச் சுவரோரம் சேர்க்கலாம். நின்ற இடத்திலேயே முழு வட்டம் திருப்பலாம்.

ஆனால் தரை வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு சிறு கல் போதும். சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது! கைப்பிடியைப் பிடித்துத் தள்ளாமல், தாழ்வான பகுதியைப் பிடித்து மெதுவாகத் தள்ளுவதே நல்லது. தள்ளி முடித்ததும் சக்கரங்களின் பூட்டைப் போட வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டு வண்டி ஆக்கிவிடுவார்கள். ஏறவிடக் கூடாது.

எண்ணெய் செய்யும் வேலை

பட்டறைகளில் மெக்கானிக்குகள் நாள் முழுவதும் குத்துக்காலிட்டு வேலை செய்வதுண்டு. முழங்காலும் முதுகும் என்ன ஆகும்? வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் 'லிப்ட்' மேடை இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. உண்மையில் இது ஆடம்பரப் பொருள் அல்ல.

காலால் பம்பை மிதித்தால் மேடை ஏறும். 17-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் சொன்ன தத்துவம் இது. அடைத்து வைத்த எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். சிறிய குழாயில் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால், அதைப்போல் 20 மடங்கு பரப்புள்ள பெரிய குழாய் 200 கிலோவைத் தூக்கும். ஆனால் பெரியது ஒரு அங்குலம் உயர, சிறியது 20 அங்குலம் இறங்க வேண்டும். அதனால்தான் பல தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது.

எண்ணெயை மட்டும் நம்பக் கூடாது. கசிந்தால் மேடை இறங்கிவிடும். மேடை உயர்ந்ததும் இரும்புப் பூட்டுக் கம்பியைச் செருகி, எடை அதன்மேல் உட்காரும்படி செய்ய வேண்டும். முன் சக்கரத்தை இடுக்கியில் பிடித்து, இரண்டு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். மேடை எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் வண்டியை ஏற்றக் கூடாது.

இறக்கும்போதும் அவசரம் ஆகாது. மேடைக்கு அடியில் ஸ்பேனர் கிடக்கிறதா, பிள்ளை யாராவது கையை நீட்டுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகே பூட்டை எடுக்க வேண்டும்.