வீட்டுச் சோப்பு வெடிப்பது ஏன்?

கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அண்மையிலுள்ள மீன்சுருட்டியில், சித்திரை மாதத்து நண்பகலில் ஓட்டு வீட்டினுள் நுழைந்தாலும் அனல் நம்மைத் தொடர்ந்து வருகிறது. இத்தகைய ஊரில் வீட்டிலேயே குளியல் சோப்புச் செய்ய முற்படும் தாய்மார்கள் ஒரு சோதனைக்கு ஆளாவதுண்டு. மாலையில் அச்சில் வார்த்த சோப்பு, விடிந்து பார்த்தால் நடுவே புடைத்து, கோடையில் காய்ந்த வயலைப்போல் வெடித்திருக்கும். எண்ணெய்க்குச் செலவிட்ட பணம் வீணாயிற்றே என்று மனம் வெதும்பும்.

சோப்புத் தொழில் நமக்குப் புதிதன்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் 1914-ஆம் ஆண்டிலேயே அரசு சோப்பு நிலையம் தோன்றிவிட்டது. எனினும், அடுப்பில் காய்ச்சாமல் வீட்டில் செய்யும் முறையில் ஓர் உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடிச் சோப்பாக மாறுகையில் தாமே வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. மேற்பரப்பு முன்னதாக இறுகிவிட, உள்ளே நடுப்பகுதி சூடேறி விரிகிறது. விரிவைத் தாங்காது மேற்பரப்பு பிளக்கிறது. தேங்காயெண்ணெய் விரைவில் சூடேறும் இயல்புடையது. தேன், வெல்லம், பால் ஆகியவற்றிலுள்ள சர்க்கரை அச்சூட்டை மேலும் ஏற்றும்.

குளிர்நாட்டு நூல்கள் அச்சைக் கம்பளியால் போர்த்துமாறு கூறுகின்றன. நாமும் முதன்முறை அவ்வாறே போர்த்திக் கெடுத்தோம். அந்நாட்டிற்கு அது பொருந்தும். நமக்கோ வெயிலே கம்பளியன்றோ!

ஆதலால், செய்யவேண்டுவன இவை. 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 174 கிராம் இட்டால் சிறிது எண்ணெய் மிஞ்சிச் சருமத்திற்கு இதமளிக்கும். தண்ணீர் 350 கிராம் போதும். இதனினும் மிகக் குறைத்தால் வெடிப்பு எளிதாகும். கரைசல் நன்கு ஆறியபின், விடியற்காலைக் குளிர்ச்சியில் கலக்க வேண்டும். ஆழமற்ற அச்சுகளில் வார்த்து, மூடாமல், இடைவெளிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தேனை முதற்பயிற்சியில் தவிர்ப்பதே நலம்.

சூடாக இருக்கும்போதே வெடிப்புக் கண்டால், கையுறை அணிந்து கரண்டியால் மெல்ல அழுத்தி, அச்சைக் குளிர்ந்த தரைக்கு மாற்றலாம். ஆறியபின் எஞ்சும் வெறும் வெடிப்பு அழகுக் குறையே. அழுக்கு நீக்கும் ஆற்றல் குறைவதில்லை. ஆனால் வெடிப்பில் நீர் கசிந்து நின்றால், அதில் காரம் இருக்கக்கூடும், வெறுங்கையால் தொடலாகாது. நல்ல சோப்பையும் நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட்டே பயன்படுத்த வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது நம் குழந்தைகளின் பாதுகாப்பு. சோடாவையே தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. அதனையும் சமையலுக்குத் திரும்ப எடுக்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை இன்றியமையாதவை. குடிநீர்ப் புட்டியில் கரைசலை ஒருபோதும் வைத்தல் ஆகாது. கண்ணில் பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் தொடர்ந்து கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வெடித்த சோப்பைத் துருவி, சிறிது நீருடன் இளஞ்சூட்டில் உருக்கி மீண்டும் வார்க்கலாம். வெந்துபோன கண்ணை அவ்வாறு மீட்க இயலுமோ? சிக்கனம் நற்பண்பே, ஆயினும் பொறுமையும் எச்சரிக்கையும் உடனிருந்தாலன்றி அது இல்லத்திற்கு நன்மை பயக்காது.