ஆயில் ஒழுகுதா? இன்ஜினை இறக்கும் முன் இதைப் படியுங்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் வாசலில் நிற்கும் கார்கள் பலவும் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தயாராகத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ, மறைமலை நகரில் தயாரான போர்டு ஐகான், பிகோ எல்லாம் இன்னும் ஓடுகின்றன. முகூர்த்த மாதங்களில் சேலைக் கட்டோடு, மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும். இந்த வண்டிக்காரர்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கும் வார்த்தை: "ஆயில் ஒழுகுது சார், இன்ஜினை இறக்கணும்." சரி என்று தலையாட்டினால் பல்லாயிரம் ரூபாய் செலவு. ஆனால் லீக் எங்கே என்று பார்க்காமலே அந்த முடிவுக்கு வருவது நியாயமில்லை.

முதலில், ஒழுகுவது என்ன? ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ நீர்த்து இருந்தால் கூலன்ட்டாக இருக்கலாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் இளமஞ்சளாகச் சொட்டினால் பிரேக் ஆயில் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வண்டியை எடுக்கவே கூடாது. ஏ.சி. ஓடியபின் சொட்டும் சுத்தமான தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்து, எங்கிருந்து? சொட்டு விழும் இடத்தை வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். ஆயில் மேலிருந்து வழிகிறது. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப் முழுக்க நனைந்திருந்தாலும், கோளாறு உச்சியில் டாப்பெட் கவர் பேக்கிங்கில் இருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின் பிசுக்கைத் துடைத்து எடுத்துவிட்டு, சந்தேகமுள்ள இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்தால், பவுடரில் ஆயில் கோடு இறங்கியிருப்பது தெரியும். கோடு தொடங்கும் இடத்தில்தான் லீக்.

டாப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பில்டர் வளையம், டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் பெரும்பாலும் இன்ஜினை இறக்காமலே மாற்றக்கூடியவை. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போயிருந்தால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும்; அது பெரிய வேலைதான். அதற்கு முன்னால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறிச் சீல்களைத் தள்ளும். அதைச் சரிசெய்யாமல் புதுச் சீல் போட்டால் மறுபடியும் ஒழுகும்.

சின்ன லீக்தானே என்று விடவும் முடியாது. ஆயில் சூடான மேனிபோல்டில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். வாரம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே அணைத்துவிட வேண்டும். "பட்டறை பக்கம்தானே" என்று ஓட்டினால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

இங்கே இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான பாலிசியில் சேராது. வேகத்தடையில் சம்ப் அடிபட்டு உடைந்தால் அது விபத்துச் சேதம்; சொந்த வண்டிச் சேதத்தையும் ஏற்கும் பாலிசி என்றால் கேட்கலாம். உடைந்த சம்ப்போடு ஓட்டி இன்ஜின் போனால், அது பின்விளைவு என்று கைவிரித்துவிடுவார்கள். அந்த இடத்திலேயே நிறுத்திப் படம் எடுத்து, கட்டி இழுத்துவர ஏற்பாடு செய்யுங்கள்.

இனி உங்கள் உரிமை. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்; வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். கழற்றிய பழைய பேக்கிங்கையும் சீலையும் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பலர் அறியாத ஒன்றும் உண்டு: செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடம் நிறுத்திவைக்க, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது. அதனால் தகராறு என்றால் வாய்ச்சண்டை வேண்டாம். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிப் பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்துவந்து புகார் செய்யுங்கள்.

சின்னப் பட்டறைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அசல் ஸ்பேர்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஸ்பேர் கிடைக்காத மெக்கானிக் எல்லோரையும் திருடர் என்று சொல்லிவிட முடியாது.

வடித்த பழைய ஆயில் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஏரிகளை நம்பி வாழும் மாவட்டம் இது. அபாயக் கழிவுகள் பற்றிய 2016-ம் ஆண்டு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். கால்வாயில் ஊற்றக்கூடாது, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

லீக்கைக் காட்டி, "பதினைந்து வருஷம் ஆச்சு, காயலான் கடைக்குத்தான்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களை நம்ப வேண்டாம். வயதை மட்டும் வைத்துத் தடுப்பது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. இங்கே சோதனையில் தேறினால் ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

பட்டறை மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அதுவரை பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.