மானின் தொட்டியும் நம் மாடும்

கால்நடை வளர்ப்போருக்குக் கோடை ஒரு சோதனைக் காலம். தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் வயல் ஊர்களில் பிசான அறுவடைக்குப் பின் வைக்கோலாவது மிஞ்சும். மானாவாரிக் கரிசலிலும் செம்மண் தேரியிலும் அதுவும் இல்லை. ஆகவே மாட்டை அவிழ்த்துவிட்டால் அது பசுமை தெரியும் திசைக்கே நடக்கும். அந்தப் பசுமை பல இடங்களில் மான்களின் காடாக இருக்கிறது. இவ்விஷயத்தில் சங்க அங்கத்தினர் அறிய வேண்டியவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் அண்டையிலுள்ள மான் காடுகள்

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கங்கைகொண்டானில் 2013-ஆம் ஆண்டு புள்ளிமான் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 288 ஹெக்டேர்; நம் கணக்கில் ஏறத்தாழ 712 ஏக்கர். கிழக்கே தூத்துக்குடிச் சாலையில் வல்லநாட்டு மலையில் 1987-இல் வெளிமான் சரணாலயம் அமைந்தது. அதன் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே. மேற்கே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-இல் உருவாயிற்று. அங்கே புலிக்கு இரை மானும் மிளாவும். அவற்றுக்கு இரை புல்.

முதல் இரண்டும் மிகச் சிறிய காடுகள். பெருங்காட்டில் ஐம்பது மாடுகள் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எழுநூறு ஏக்கர் முட்காட்டில் அதே ஐம்பது மாடுகள் ஒரு கோடையின் புல்லையே தீர்த்துவிடும். கோடையில் வனத்துறையினர் தொட்டிகளில் நீர் நிரப்புவதும், தாது உப்புக் கட்டிகள் வைப்பதும் உண்டு. மாட்டுக்கும் உப்பின்மேல் ஆசை அதிகம். மாட்டு மந்தை நிற்கும் தொட்டியை மான் அணுகாது. புல்லும் நீரும் கிடைக்காத மான் நெடுஞ்சாலையைக் கடக்கும்; ஊர் நாய்களிடம் சிக்கும்; நம் உளுந்துக் கொல்லையிலும் இறங்கும். நம் மாட்டைக் காட்டில் விடுவது, மானை நம் வயலுக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

ஒரே தொட்டி, ஒரே நோய்

புல்லைவிடப் பெரிய ஆபத்து நோய். கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான் ஆகியவை மாட்டிலிருந்து மானுக்கும், மானிலிருந்து மாட்டுக்கும் பரவக்கூடியவை. 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் புகுந்து காட்டெருமைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அந்நோய் தடுப்பூசியால் 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. ஊர்தோறும் ஊசி போட்டதன் பலன் அது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவு ஒன்று, சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுமாறு வனத்துறைக்குப் பணிக்கிறது. இது நமக்குச் சுமையன்று, உரிமை. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடப்பட வேண்டும். மேலும், 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றில் மேய்ச்சலைத் தடை செய்துள்ளது.

வேலியின் சூட்சுமம்

அமெரிக்காவில், முக்கியமாக டெக்சாஸ் மாநிலத்தில், வேட்டை நிலங்களில் மான்களுக்கென மக்காச்சோளத் தொட்டிகள் வைக்கிறார்கள். அதே நிலத்தில் மாடும் மேய்வதால், தொட்டியைச் சுற்றித் தாழ்வான வேலி அமைப்பது அங்கே வழக்கம். மான் தாவும், மாடு தாவாது என்பதே அதன் சூட்சுமம். நம் நாட்டில் மான் வேட்டை குற்றம்; எனினும் வேலியின் தத்துவம் நமக்கும் பொருந்தும். வேலி மூன்று முதல் நான்கு அடி உயரம் போதும். மாடு கழுத்தை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் தொட்டி நடுவே இருக்க வேண்டும். கீழே மான்கன்று நுழைய இடைவெளி தேவை. முள்கம்பி கூடாது, அது தாவும் மானின் வயிற்றைக் கிழிக்கும். ஆனால் அந்த இடைவெளியில் வெள்ளாடும் நுழையும். ஆகவே ஆட்டுக்கு வேலி மேய்ப்பவனேயன்றி வேறில்லை. சரணாலயத்துக்குள் வேலியிடுவது வனத்துறையின் பொறுப்பு. நாம் செய்யக்கூடியது எடுத்துரைப்பதே.

மாட்டுக்கு என்ன வழி?

“காட்டுக்குப் போகாதே என்கிறீர்கள், மாட்டுக்கு எதைப் போடுவது?” என்று ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

கோ-4 என்னும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஹெக்டேருக்கு ஆண்டில் சுமார் 380 டன் தரும் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. நம் நிலத்தில் பாதிதான் விளையும் என்றே கொள்வோம். அப்படியும் 10 சென்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ பசும்புல் கிடைக்கும். ஒரு கறவைப் பசுவின் பசுந்தீவனத் தேவை அவ்வளவே. கிணற்று நீர் இல்லாதோர் மழைக்காலத்தில் தீவனச் சோளமும், வரப்போரங்களில் வேலிமசால், சவுண்டல் முதலியனவும் வளர்க்கலாம்.

காரிலும் பிசானத்திலும் விளையும் வைக்கோல் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிறது. அதை அறுவடை நாளிலேயே சங்கம் மொத்தமாக வாங்கிச் சேமித்தால், கோடையில் அங்கத்தினர் அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் நன்றாகக் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் அதன் சத்து உயரும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசலைக் கால்நடை எதுவும் குடித்துவிடாமலும் காக்க வேண்டும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் தாது உப்புக் கலவை வீட்டிலேயே கிடைத்தால், மாடு மானின் உப்புக் கட்டியைத் தேடிப் போகாது.

தறிக்குழியில் நாள் முழுதும் உட்காரும் நெசவாளர் வீட்டில் ஒரே ஒரு பசு இருக்கலாம். அதை மேய்க்க ஆள் இல்லை. ஆகவே அது தானாக அலைகிறது. இவர்களுக்கு நிலம் இல்லை. விவசாய அங்கத்தினரின் புல்லையும் வைக்கோலையும் சங்கத்தின் மூலம் நியாய விலைக்கு இவர்களுக்குக் கிடைக்கச் செய்வதே உண்மையான கூட்டுறவு. கால்நடைப் பராமரிப்புக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நடைமுறை மூலதனக் கடனும் உண்டு.

மான் பயிரை மேய்கிறது என்ற விவசாயியின் குறையும் பொய்யன்று. அதை நஷ்ட விவரத்துடன் எழுத்து மூலம் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தனி மனிதரின் மனுவைவிடச் சங்கத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் நம் மாடு காட்டில் மேயும்போது அந்தக் குறையை உரத்துச் சொல்ல நமக்கு வாய் ஏது?

ஆகவே ஒவ்வொரு சங்கமும் மாசி மாதத்திற்குள் மூன்று காரியங்களை முடிக்க வேண்டும். அங்கத்தினரின் கால்நடைகளைக் கணக்கெடுத்தல். தடுப்பூசி நாளைக் கால்நடை மருத்துவருடன் நிச்சயித்தல். வைக்கோலுக்கு முன்பணம் ஒதுக்குதல். இவை மூன்றும் முடிந்த ஊரில், பங்குனி வெயிலிலும் மாடு தொழுவத்தில் நிற்கும். மான் தன் தொட்டியில் நீர் குடிக்கும்.