சென்னையில் பிறந்த சில்லு!

குட்டீஸ், நொண்டி விளையாடியிருக்கிறீர்களா? தரையில் கட்டம் போட்டு, உடைந்த ஓட்டுத் துண்டை எறிந்து, ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போவோமே, அதுதான். அந்த ஓட்டுத் துண்டுக்குச் 'சில்லு' என்று பெயர். அம்பத்தூரில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டு வாசலில் அந்தக் கட்டம் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 'சிப்'புக்கும் தமிழில் சில்லு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான்! ஓட்டாஞ்சில்லு களிமண்ணில் பிறந்தது. கம்ப்யூட்டர் சில்லு மணலில் பிறக்கிறது. மணலில் உள்ள சிலிக்கானைப் பிரித்தெடுத்து, நன்றாகச் சுத்தம் செய்து, மெல்லிய தகடாக அறுத்து, அதன் மேல் கண்ணுக்கே தெரியாத மின்பாதைகளை உருவாக்கினால் சில்லு தயார். சொல்ல எளிது. செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. போர்டுல சிப் போயிடுச்சு. வெளிநாட்டு சரக்கு, வர்றதுக்கு மூணு வாரம் ஆகும்" என்றார். அந்த மூன்று வாரமும் துவைக்கிற கல்லுக்கு வேலை வந்தது.

அந்த வீட்டுச் சிறுமி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். "டீச்சர், நம்ம எஸ்டேட்ல இத்தனை கம்பெனி இருக்கே, அந்தச் சிப்பை இங்கேயே செய்யக் கூடாதா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதானே? 1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு முதல் கார் பாகங்கள் வரை செய்கிறார்கள். சில்லு மட்டும் ஏன் வெளியிலிருந்து வர வேண்டும்?

இது வாஷிங் மெஷினோடு நிற்கிற கவலை இல்லை. 2021-ல் உலகம் முழுவதும் சில்லுத் தட்டுப்பாடு வந்தது. காருக்குள் பிரேக், இன்ஜின், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சில்லு வேண்டும். அது கிடைக்காததால் இந்தியாவிலும் கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன. விரல் நகம் அளவுள்ள பொருள் வராததால் ஒரு டன் எடையுள்ள கார் வெளியே போக முடியவில்லை!

இன்னொரு கவலையும் உண்டு. கடையில் ஒரு பூட்டு வாங்குகிறோம். பூட்டு செய்தவர் தன்னிடம் ஒரு கள்ளச்சாவி வைத்துக்கொண்டால் நமக்குத் தெரியுமா? (திண்டுக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.) சில்லும் அப்படித்தான். அதற்குள் யாராவது ரகசிய வழி ஒன்றை விட்டு வைத்திருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆவடியில் ராணுவ டேங்க் செய்கிறார்களே, அதில் குறி பார்க்க உதவுவதும் கணினிதான். அதனுள்ளே இருக்கும் சில்லை நாமே வடிவமைத்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

சரி, சில்லு அப்படி என்னதான் செய்கிறது? அதைப் புரியவைக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு விளையாட்டு நடத்தினேன். நீங்களும் ஆடிப் பாருங்கள்.

மூன்று கொட்டாங்குச்சிகளை வரிசையாக வையுங்கள். முதலாவதில் நான்கு புளியங்கொட்டை, இரண்டாவதில் மூன்று. மூன்றாவது காலி. ஒருவர் 'செயலி'. அவர் சொந்தமாக யோசிக்கக் கூடாது. துண்டுச் சீட்டில் இருக்கும் ஆணையை மட்டும் செய்ய வேண்டும். 'முதல் கொட்டாங்குச்சியில் இருப்பதை எடு.' 'இரண்டாவதில் இருப்பதை அதோடு கூட்டு.' 'மூன்றாவதில் வை.' மூன்று சீட்டு முடிந்ததும் மூன்றாவது கொட்டாங்குச்சியில் ஏழு இருக்கும். அவ்வளவுதான் செயலியின் வேலை!

"நாலு பெருக்கல் மூணு எப்படிச் செய்யறது? பெருக்கச் சொல்லி சீட்டே இல்லையே!" என்றாள் சிறுமி. பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டல்தானே? மூன்றாவது கொட்டாங்குச்சியைக் காலி செய்து, முதலாவதில் ஒவ்வொரு தடவையும் நான்கு கொட்டை நிரப்பினோம். இரண்டாவது சீட்டை 'மூன்றாவதில் இருப்பதை அதோடு கூட்டு' என்று மாற்றி, 'மூன்று தடவை ஆகவில்லை என்றால் முதல் சீட்டுக்குத் தாவு' என்று ஒரு சீட்டைச் சேர்த்தோம். பன்னிரண்டு வந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் சினிமா, ஆடும் கேம், பேசும் போன் எல்லாமே கடைசியில் இப்படி எடு, கூட்டு, வை, தாவு போன்ற சின்னச் சின்ன ஆணைகள்தான். வேகம்தான் வித்தியாசம்.

அப்போது எதிர்வீட்டுப் பையன் ஒரு குறும்பு செய்தான். பள்ளியில் இந்தி படிக்கிறவன். சீட்டுகளை எல்லாம் இந்தியில் எழுதிவிட்டான். செயலியாக இருந்த சிறுமிக்கு இந்தி தெரியாது. அப்படியே சிலை மாதிரி நின்றாள்!

குறும்பாக இருந்தாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் ஓர் ஆணை மொழி உண்டு. அந்த மொழியில் எழுதியதுதான் அதற்குப் புரியும். மேஜைக் கணினிகளில் நெடுங்காலமாக இன்டெல் நிறுவனத்தின் மொழி. மொபைல் போன்களில் ஆர்ம் என்ற நிறுவனத்தின் மொழி. அவை அந்த நிறுவனங்களின் சொத்து. அந்த மொழி புரியும் சில்லை நாம் செய்ய வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். தமிழில் ஒரு வாக்கியம் எழுத யாருக்காவது காசு கொடுக்கிறோமா? இங்கே கொடுக்க வேண்டும்!

2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய ஆணை மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். பெயர் 'ரிஸ்க்-ஃபைவ்'. ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்த ஆணைகள் கொண்டது என்பதன் சுருக்கம் அது. ஐந்து என்பது, அங்கே பிறந்த இந்த வகை வடிவமைப்புகளில் ஐந்தாவது என்பதால். நம் தமிழில் 247 எழுத்துகள். ரிஸ்க்-ஃபைவ் மொழியின் அடிப்படை ஆணைகளோ சுமார் 40 மட்டுமே. அதைவிட முக்கியம், இந்த மொழியை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

கிண்டிக்குப் பக்கத்தில் மான்கள் திரியும் வளாகத்தில் இருக்கிறது சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் காமகோடியும் அவருடைய குழுவினரும் 2014-ல் இந்த மொழியை எடுத்துக்கொண்டு ஒரு செயலியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'சக்தி'. குழுவில் மாணவர்களும் இளம் பொறியாளர்களும் நிறைய. பூந்தமல்லி தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கிறது அல்லவா? காமகோடி பி.இ. படித்தது அந்தக் கல்லூரியில்தான். 2022-ல் ஐ.ஐ.டி.யின் இயக்குநரும் ஆனார்.

சக்தி குழுவினர் வடிவமைப்பைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். கள்ளச்சாவி பயம் போக இதைவிட நல்ல வழி எது?

2018-ல் சக்தி உயிர் பெற்றது. ஆனால் முதல் சில்லுகள் நம் நாட்டில் செய்யப்படவில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் தொழிற்சாலையில் 300 சில்லுகள் செய்து வந்தன. அதன் இதயத் துடிப்பு விநாடிக்கு 35 கோடி! எங்கள் திண்ணைச் செயலி ஒரு சீட்டை முடிக்க ஐந்து விநாடி எடுத்துக்கொண்டாள்.

வடிவமைப்பது வேறு, செய்வது வேறு. வீட்டுக்கு வரைபடம் போட ஒரு மேஜை போதும். வீடு கட்ட செங்கல் சூளையே வேண்டுமே! சில்லு வடிவமைக்கும் பொறியாளர்கள் நம் நாட்டில் ஏராளம். உலகில் இந்த வேலை செய்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்கிறது மத்திய அரசு. பெரும்பாலோர் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக வரைகிறார்கள். 'சூளை'தான் நம்மிடம் குறைவு.

இருந்ததும் ஒரு முறை எரிந்துபோனது என்பது பலருக்குத் தெரியாது. சண்டிகருக்கு அருகே மொகாலியில் செமிகண்டக்டர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1984-ல் சில்லு உற்பத்தி தொடங்கிய இடம். 1989 பிப்ரவரியில் பெரிய தீ விபத்து. அதை மீண்டும் கட்டி எழுப்பப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் தைவானும் தென்கொரியாவும் எங்கோ போய்விட்டன. அந்தத் தீயை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

அதே மொகாலி ஆய்வுக்கூடத்தில்தான், 2018-லேயே, சக்தியின் அடுத்த சில்லு முழுக்க இந்தியாவில் செய்யப்பட்டது. அங்கே உள்ள தொழில்நுட்பம் 180 நானோமீட்டர் அளவு. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். அப்படியானால் முடியின் குறுக்கே 400-க்கும் மேற்பட்ட கோடுகள்! அடேங்கப்பா என்கிறீர்களா? பொறுங்கள். அதே 2018-ல் உலகின் முன்னணித் தொழிற்சாலைகள் 7 நானோமீட்டர் தலைமுறைக்குப் போயிருந்தன. அதனால் உங்கள் வீட்டு ஸ்மார்ட்போனுக்குள் சக்தி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பந்தயத்தில் நாம் இன்னும் வெகு தூரம் ஓட வேண்டும். குஜராத்தில் தோலேரா என்ற இடத்தில் பெரிய சில்லுத் தொழிற்சாலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

எல்லாச் சில்லும் பந்தயக் குதிரையாக இருக்க வேண்டியதில்லை. 2020-ல் 'மௌஷிக்' என்ற மூன்றாவது சக்தி சில்லு வந்தது. இணையத்தோடு பேசும் சின்னச் சின்னக் கருவிகளுக்கானது. 2025 பிப்ரவரியில் 'ஐரிஸ்' வந்தது. இது விண்வெளிக்காக இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கியது. அது போன ஊர்களைக் கேளுங்கள்! சென்னையில் சக்தி வடிவமைப்பு, மொகாலியில் சில்லு, கர்நாடகத்தில் அதற்கு உறை, குஜராத்தில் பலகை, மறுபடியும் சென்னைக்கு வந்து பலகையில் பொருத்தல். கடைசியில் ஐ.ஐ.டி.யில் சுவிட்ச் போட்டார்கள், வேலை செய்தது! ஒரு கட்டத்துக்குக்கூட வெளிநாடு போகவில்லை.

இதை எல்லாம் கேட்டுவிட்டு அந்தச் சிறுமி, "அப்ப வாஷிங் மெஷினுக்கு?" என்றாள். விடமாட்டாள்! துணி துவைக்க 7 நானோமீட்டர் தேவையில்லை, 180-லேயே முடியும் என்றேன். ஆனால் கோடிக்கணக்கில், மலிவாகச் செய்து கொடுக்கும் சூளை வேண்டும். அது வந்தால் மெக்கானிக் மூன்று வாரம் கேட்க மாட்டார்.

அவள் யோசித்தபடியே கொட்டாங்குச்சிகளை மறுபடி வரிசையாக வைத்தாள். இந்த முறை எதிர்வீட்டுப் பையன்தான் செயலி. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சீட்டு எழுதியிருக்கிறாளாம். பாதியிலேயே புளியங்கொட்டை தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டு வாங்கி வர ஓடியிருக்கிறாள்.